ஒன்பதாம் வகுப்புக் கள ஆய்வுக்கு எந்த இணையக் கருவி சரிவரும்?

புங்கமரத்தடி:
வணக்கம். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பள்ளி வளாகத்து மரங்களையும் பறவைகளையும் பிள்ளைகளே பார்த்துக் குறித்து, குழுவாக அறிக்கை எழுத வேண்டும் என்பது திட்டம். கணினி லேப் வாரத்துக்கு ஒரு பீரியட்தான், மற்றபடி வீட்டில் அக்காவோ அப்பாவோ போனைக் கொடுத்தால் உண்டு. பாதிப் பேருக்கு மெயில் ஐடியே கிடையாது. வாட்ஸ்அப் குழு வேண்டாம், குட் மார்னிங் படங்களுக்கு நடுவே தரவைத் தேட என்னால் ஆகாது. வேறு என்ன வழி?

கணக்கு டீச்சர்:
கூகுள் ஃபார்ம் போதும். லிங்க்கைத் தட்டினால் கணக்கு இல்லாமலே நிரப்பலாம், ஃபார்மோடு கூகுள் ஷீட்டை (அட்டவணையை) இணைத்துவிட்டால் பதில்கள் நேரத்தோடு தானாக அதில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் படம் ஏற்றும் கேள்வி மட்டும் வைக்காதீர்கள், வைத்தால் கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். மரத்தின் பெயரை எழுத விடாமல் பட்டியலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் புங்கை, புங்கன், புங்கம் என்று ஒரே மரம் ஷீட்டில் மூன்றாகிவிடும்.

தவிட்டுக்குருவி:
மரங்களுக்கு சீசன்வாட்ச் பாருங்கள், மரங்கள் எப்போது தளிர்க்கின்றன, பூக்கின்றன, காய்க்கின்றன என்று பொதுமக்களே பார்த்துப் பதியும் தளம். நம் ஊர்ப் புளி, வேம்பு, கொன்றை எல்லாம் அதில் உண்டு, பள்ளியாகவே பதிந்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்தால் போதும். பறவைக்கு இபேர்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் தளம். 13 வயதுக்குக் கீழே தனிக் கணக்கு கூடாது, உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மெயிலும் இல்லை, அதனால் வகுப்புக்கு உங்கள் பொறுப்பில் ஒரே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பிள்ளைகள் பார்த்ததும் அதில் சேரும். சும்மா நோட்டில் எழுதித் திருத்தி வாங்குவதைவிட இதில் அவர்களுக்கு உற்சாகம் அதிகம்.

யாழ் வாசகர்:
அறிக்கை எழுத கூகுள் டாக்ஸ் நல்லது, யார் எந்த வரியை எழுதினார் என்பது பதிப்பு வரலாற்றில் தெரியும். ஆனால் உள்நுழையாமல் லிங்க் வழியே வந்தால் பெயருக்குப் பதில் திரையில் ஏதோ ஒரு விலங்கின் பெயர்தான் காட்டும், வரலாற்றிலும் ஆள் பெயர் இருக்காது, பிறகு எல்லாரும் 'நான்தான் எழுதினேன்' என்பார்கள். லேபில் குழுவுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுங்கோ, எந்தக் குழு எழுதியது என்றாவது தெரியும். வாசிக்கத் தமிழ் விக்கிப்பீடியாவும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகமும் இருக்கு. விக்கியில் கட்டுரையோடு நிற்காமல் அடியில் இருக்கும் மேற்கோள்களைத் திறந்து பார்க்கப் பழக்குங்கோ, ஆய்வு அங்கேதான் தொடங்கும்.

புங்கமரத்தடி:
அருமை, ஃபார்ம் இன்றைக்கே செய்துவிடுகிறேன். ஒரு சந்தேகம், இபேர்டில் 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா' என்று கேட்கிறதே, எங்கள் பிள்ளைகளுக்கு அண்டங்காக்கைக்கும் வீட்டுக் காக்கைக்கும் வித்தியாசம் தெரியாது.

தவிட்டுக்குருவி:
தெரிந்தவற்றை எல்லாம் போட்டால் 'ஆம்' என்றே சொல்லலாம். எந்தக் காக்கை என்று தெரியாவிட்டால் பொதுவாகக் காக்கை இனம் என்று போட இடம் உண்டு. எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் பார்த்ததை வைத்து ஒரு மதிப்பீடு போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் (X) போடுங்கள், எண்ணிப் பார்க்காமலே நூறு என்று மட்டும் எழுத விடாதீர்கள்.