வர்த்தக விதிகள்: எல்லோரும் கூடி வகுப்பதா, வேண்டியவர்கள் மட்டும் வகுப்பதா?

பாய்மரம்:
உலக வர்த்தக அமைப்பை நம்பிக் காத்திருந்தது போதும். வர்த்தக விதிகளைத் திருத்த அங்கே 2001-ல் தொடங்கிய தோஹா சுற்றுப் பேச்சு இன்னும் கரை சேரவில்லை. 166 உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலும் முடிவு கிடையாது. இதற்கிடையில் பசிபிக் கரையோர நாடுகள் 11 தங்களுக்குள் கையெழுத்திட்ட பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் 2018-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வேண்டியவர்கள் முதலில் போகட்டும், மற்றவர்கள் பின்னால் வரட்டும். இதில் என்ன தப்பு?

தராசு:
பின்னால் வரச்சொல்லி யாரும் கூப்பிடாத நாடு என்ன செய்யும்? ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1995-ல் கோஸ்டா ரிகாவிலிருந்து வரும் பருத்தி உள்ளாடைகளுக்கு அமெரிக்கா அளவுக் கட்டுப்பாடு போட்டது. கோஸ்டா ரிகா ராணுவமே வைத்துக்கொள்ளாத சின்ன நாடு. நேராக ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 1997-ல் மேல்முறையீட்டிலும் அதுவே ஜெயித்தது. அமெரிக்காவோடு தனியாக உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்குமா?

பாய்மரம்:
அது அந்தக் காலம். அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வில் 7 பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்க 3 பேராவது வேண்டும். புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்துக்கொண்டே வந்ததில் 2019 டிசம்பரில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். இப்போது தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், வழக்கு கிடப்பில் விழுந்துவிடும். கோஸ்டா ரிகா இன்று போனால் என்ன கிடைக்கும், சொல்லுங்கள்.

முரசு:
இரண்டுமே வேண்டாம் என்கிறேன். நம் தொழிலைக் காக்க நாமே வரி போட்டுக்கொண்டால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தராசு:
முரசு, நீங்கள் வரி போட்டால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 1930-ல் ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் அமெரிக்கா வரியை ஏற்றியதும் கனடா உடனே பதிலுக்கு ஏற்றியது. 2002-ல் எஃகுக்குப் போட்ட வரியை அடுத்த ஆண்டே அமெரிக்கா விலக்கிக்கொண்டது. உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்பு ஒரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியம் தயாராக வைத்திருந்த பதில் வரிப் பட்டியல் இன்னொரு பக்கம்.

கலங்கரை:
பசிபிக் ஒப்பந்தம் மாதிரி சில நாடுகள் மட்டும் செய்துகொள்ளும் வட்டார ஒப்பந்தத்தை ஒரு சட்டையை வைத்துப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையே 1994 முதல் 2020 வரை இருந்த வட அமெரிக்க ஒப்பந்தப்படி வரிச் சலுகை வேண்டுமென்றால், நூல் நூற்பது, துணி நெய்வது, தைப்பது எல்லாமே பெரும்பாலும் அந்த மூன்று நாடுகளுக்குள் நடக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவில் தைத்தாலும் நூல் வெளியிலிருந்து வந்திருந்தால் சலுகை போச்சு. வெளியே மலிவாக நல்ல நூல் கிடைத்தாலும் உள்ளே விலை கூடியதைத்தான் வாங்குவார்கள். வர்த்தகம் இப்படித் திசைதிரும்புவதைப் பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-லேயே விளக்கிவிட்டார். அப்புறம், நாலு ஒப்பந்தம் இருந்தால் அதே சட்டைக்கு அது எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்கும் பிறப்பிட விதி நாலு விதம், சான்றிதழும் நாலு. பெரிய நிறுவனம் அதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும். சின்ன ஏற்றுமதியாளர் சலுகையே வேண்டாம் என்று முழு வரியைக் கட்டிவிட்டுப் போவார். இந்த இடியாப்பச் சிக்கல்தான் எனக்குப் பெரிய கவலை.

பாய்மரம்:
சரி, நூல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தத்தை 1947-ல் எழுதியவர்களே 24-ஆம் பிரிவில் வட்டார ஏற்பாடுகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தராசு, உங்களிடம் ஒரு கேள்வி. மேல்முறையீடு முடங்கியபின் 2020-ல் சில உறுப்பு நாடுகள் தங்களுக்குள் இடைக்கால நடுவர் ஏற்பாடு செய்துகொண்டன. அதுவும் ‘வேண்டியவர்கள் முதலில்’தானே? அதை ஏன் எதிர்க்கவில்லை?

தராசு:
அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். உலக வர்த்தக அமைப்பின் எந்த உறுப்பு நாடும் ‘நானும் சேர்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு அதில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். பசிபிக் ஒப்பந்தத்தில் சேர உள்ளே இருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். கேட்பவருக்கெல்லாம் வாசல் திறக்கும் வட்டார ஒப்பந்தம் ஒன்றைக் காட்டுங்கள், நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.