கிரேக்க 'ஒருஸா' நம் அரிசியா?

நெல்மணி: ஆங்கிலத்தில் ரைஸ், பிரெஞ்சில் ரி, இத்தாலியனில் ரீஸோ, ரஷ்யனில் ரிஸ், ஸ்பானிஷில் அர்ரோஸ். எல்லாம் கிரேக்க 'ஒருஸா'வுக்குப் போய்ச் சேரும். அது அரிசிதான் என்று திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல்லே சொல்லிவிட்டார். அர்ரோஸில் அந்த 'அ'கூட அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

சொல்வேர்: அர்ரோஸில் இருப்பது அரிசியின் அகரம் இல்லை. அரபியில் அரிசி 'ருஸ்'. முன்னால் 'அல்' சேர்ந்தால் லகரம் ரகரமாகி 'அர்-ருஸ்' என்று ஒலிக்கும். ஸ்பெயின்காரர்கள் அதை ஒட்டோடு எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் 'அஸெய்தே'யும் அப்படித்தான்: அல் + ஸைத்.

நெல்மணி: சரி, அர்ரோஸை விடுகிறேன். ஆனால் சேரர் துறைமுகமான முசிறியை கிரேக்கர் 'மூஸிரிஸ்' என்று எழுதினார்கள். நம் சகரத்துக்கு அங்கே போட்ட எழுத்து ஸீட்டா. ஒருஸாவிலும் அதே ஸீட்டா!

சொல்வேர்: நல்ல சான்று. ஆனால் முதல் எழுத்து இடிக்கிறது. 'பாண்டியன்' அவர்கள் வாயில் 'பாண்டியோன்' ஆனபோதும் முதல் அகர ஒலி மாறவில்லை. அரிசி மட்டும் ஏன் ஒகரமாக வேண்டும்? ஈரானிய வழியில் இதற்கு விடை இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் பேசும் பஷ்தோவில் 'வ்ரிஜே', பாரசீகத்தில் 'பிரிஞ்ஜ்', இவற்றுக்கு உறவான சமஸ்கிருதத்தில் 'வ்ரீஹி'. அந்த வகரம் கிரேக்கத்தில் ஒகரமாகும். மத்திய ஆசியாவின் வக்ஷ் என்ற ஆறு 'ஒக்ஸோஸ்' ஆனது அப்படித்தான்.

காலமும் ஒத்துவரவில்லை. அலெக்சாந்தருடன் வந்த அரிஸ்டொபூலஸ், பாத்திகளில் தேங்கிய நீரில் நாலு முழ உயரம் நிற்கும் பயிர் என்று நெல்லை வர்ணிக்கிறார். அது பாக்ட்ரியாவிலும் (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) பாபிலோனிலும் விளைவதாகவும் சொல்கிறார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு அது. முசிறிக்குக் கிரேக்கக் கப்பல்கள் கூட்டமாக வந்தது பின்னால்தான்.

நெல்மணி: ஒருஸா தரைவழியாகப் போனது என்றே வைத்துக்கொள்வோம். வ்ரீஹி எங்கிருந்து வந்தது? ரிக் வேதத்தில் அந்தச் சொல் இல்லை, அதர்வ வேதத்தில்தான் தலைகாட்டுகிறது. தெலுங்கில் நெல்லுக்கு 'வரி' என்றே பெயர். அந்த வகரம் திராவிடத்தில் இருந்திருக்கலாமே?

சொல்வேர்: அந்தக் கேள்வி நியாயமானது, அறிஞர்களும் அதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் அது வ்ரீஹியின் மூலம் பற்றிய வழக்கு. தமிழ் 'அரிசி' நேராகக் கப்பலேறியது என்பதற்கு அது சான்றாகாது. திராவிடச் சொல் ஐரோப்பா போனதைக் காட்ட வேண்டுமென்றால் இஞ்சியை எடுங்கள். பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. இஞ்சியும் வேரும் ஒவ்வொரு படியிலும் கண்ணுக்குத் தெரிகின்றன.