புதுப்பிப்பு: படகு இழுக்கும் பஜேரோவுக்கு கியர் ஒயில் கூலர்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நிலாவெளியிலிருந்து கற்பிட்டிக்கு ட்ரெய்லரில் படகு இழுக்கும்போது ஒட்டோ கியர் ஒயில் 120 பாகையைத் தாண்டுகிறது என்று கேட்டிருந்தேன். ஒயிலைக் குளிரவைக்கும் தனிக் கூலர் பூட்டின பிறகு, இப்போது அதே பாதையில், அதே சுமையோடு 95ஐத் தாண்டவில்லை.

கைகொடுத்தது, ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலரைக் கழற்றாமல், ஒயில் கியர்பெட்டிக்குத் திரும்பும் குழாயில் புதுக் கூலரைப் பூட்டச் சொன்ன அண்ணையின் யோசனைதான். ரேடியேட்டர் தண்ணியே 90 பாகையில் நிற்பதால் ஒயிலை அதற்குக் கீழே இறக்க உள்ளே இருக்கிற கூலரால் ஏலாது. மிச்சத்தைக் காற்றுப்படும் கூலர் இறக்குகிறது. தட்டு அடுக்கு வகை, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் முன்னால் பூட்டினேன். ஹோஸ் கியர் ஒயிலுக்கென்றே வருகிறதை வாங்குங்கள். சாதாரண பெற்றோல் ஹோஸை வைக்கச் சொன்ன கடைக்காரரின் பேச்சை நான் கேட்கவில்லை.

பூட்டின பிறகு ஒயில் மட்டம் குறையும், கூலரும் ஹோஸும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒயில் சூடேறின பிறகு, எஞ்சின் ஓட ஓடவே டிப்ஸ்டிக்கில் பார்த்து நிரப்ப வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: கடற்கரை மணலில் படகை ஏற்றும்போது சூடு இன்னும் விறுவிறென்று ஏறுகிறது. வாகனம் ஊர்ந்தால் காற்றில்லை, எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கன்வெர்ட்டரும் வழுக்கிக்கொண்டே நின்று ஒயிலைச் சூடாக்கும். ஃபோர்வீல் லோவில் (நாலு சில்லும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டால் அடங்குகிறது. கூலருக்குத் தனி மின்விசிறி அடுத்த மாரிக்கு முன் பூட்டுவேன்.