வீட்டு ஷெட்டில் கான்டெசா சரிபண்றது: முதல்ல எஞ்சினா, பாடியா?

குண்டாறு:
எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில இருந்து எழுதுறேன். புனலூர்ல எங்க மாமா வச்சிருந்த 1991 கான்டெசா கார் இப்ப எங்க வீட்டுக்கு வந்திருக்கு. அவர் ஓட்டுன காலத்துல ஆரியங்காவு ஏத்தத்துல முக்கி முனகாம ஏறும். பின் சீட்ல உக்காந்து வந்த எனக்கு அந்த எஞ்சின் சத்தம் இன்னும் காதுல நிக்குது. அவர் தவறுன பிறகு பல வருஷமா பலா மரத்தடியிலேயே நின்னுட்டு. எடுத்துட்டு வர்றதுக்கே லாரி வேண்டியிருந்துச்சு.

ஆர்.சி.யில 1817 சி.சி.ன்னு போட்டிருக்கு. எஞ்சின் சுத்தல. பின் சக்கரத்துக்கு மேல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா இருக்கு. ஷெட் இருக்கு, ஞாயித்துக்கிழமை முழுக்க நேரம் இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ண முடியும். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் "கயிறு கட்டி இழுத்தா எஞ்சின் பிடிச்சிரும்"ங்கிறார். இன்னொருத்தர் வேற டீசல் எஞ்சின் வச்சிரலாம்ங்கிறார். ஆடிச் சாரலுக்குள்ள பெயின்ட் அடிச்சு ரோட்டுல இறக்கணும்னு எனக்கு ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் அண்ணாச்சி?

புளியரை_பழையவண்டி:
தம்பி, அருமையான வண்டி கைக்கு வந்திருக்கு, விட்டுராதீங்க. 1984-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெசாவை இறக்குனப்ப அம்பாசடரோட 1489 சி.சி. எஞ்சினைத்தான் உள்ள வச்சிருந்தாங்க. அந்த உடம்பை இழுக்க அது பத்தல. ஜப்பான் இசுசு கம்பெனியோட 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்துச்சு: 88 குதிரைத் திறன், அஞ்சு கியர். உங்களோடது அதுதான். பாடி இங்கிலாந்து வாக்ஸ்ஹால்காரன் போட்டது. நீள பானெட்டும் அகல முகமும் இருக்கிறதால நம்ம ஆட்கள் இதை மசில் கார்ங்கிறாங்க, அதாவது பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார் மாதிரின்னு. அமெரிக்காவுல 1964-ல வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.ங்கிற மசில் காருக்குள்ள 6.4 லிட்டர் வி-8 இருந்துச்சு. பலத்துல இது அது கிட்டயே வராது. ஆனா ரோட்டுல நிக்கிற தோரணை அந்த ஜாதி.

பாடிதான் முதல்ல. இதுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகரமும், கதவுக்கு அடியில நீளத்துக்கு ஓடுற பெட்டியும்தான் மொத்த வண்டியையும் தாங்குது. பலா மரத்தடின்னு சொன்னதும் எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு. முன் கண்ணாடிக்குக் கீழ காத்து போற ஜாலி வழியா சருகு இறங்கி, தண்ணி வடியுற ஓட்டையை அடைச்சிருக்கும். அப்புறம் மழைத் தண்ணி வண்டிக்குள்ளதான் வரும். டிரைவர் கால் வைக்கிற இடத்துல மிதி விரிப்பைத் தூக்கிப் பாருங்க, தகரம் அப்பளமா நொறுங்குதான்னு. பேட்டரி உக்கார்ற தட்டு, டிக்கியில ஸ்டெப்னி கிடக்குற குழி, கதவுகளோட அடி விளிம்பு, எல்லாத்தையும் பாருங்க.

ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க. நல்ல தகரம் ணங்ணங்னு பேசும். பட்டி பூசி மறைச்ச இடம் தொப்புனு அமுங்கும். துணி சுத்துன காந்தத்தை வச்சாலும் தெரிஞ்சிரும், பட்டி கனமா இருக்கிற இடத்துல பிடிக்காம வழுக்கும். கொப்புளத்தைச் சுரண்டி மேல பட்டி வச்சு பெயின்ட் அடிக்கச் சொல்றவன் பேச்சைக் கேக்காதீங்க. கொப்புளம் உள்ள இருந்து வெளிய வந்தது. அந்தத் தகரத்தை வெட்டி எடுத்தாத்தான் துரு போகும்.

கயிறு கட்டி இழுக்கவே கூடாது. பிஸ்டன் ரிங்கு துருவோட சிலிண்டர்ல ஒட்டியிருக்கும், இழுத்தா ரிங்கு உடைஞ்சு சுவரைக் கீறிரும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, டீசலும் எஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஊத்தி ஊற விடுங்க. முன்னாடி கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னுமா இத்தனூண்டு அசைச்சுப் பாருங்க. பலம் காட்டாதீங்க. அசையலன்னா திரும்ப ஊத்திட்டுப் போயி பாடி வேலையைப் பாருங்க.

கொல்லம்_ரோடு:
எஞ்சின் மாத்துற விஷயத்துக்கு மட்டும் நான் சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு, அதுவும் கேரளாவுல இருந்து போன வழக்குலதான். இசுசுவையே பிழைக்க வைங்க.

பேப்பரை இப்பவே ஆரம்பிங்க. மாமா பேர்ல இருந்து வாரிசு பேருக்கு மாத்த படிவம் 31. கேரளாவுல தடையில்லாச் சான்றுக்கு படிவம் 28, அது வந்த பிறகு தென்காசியில டி.என். நம்பர். 15 வருஷம் தாண்டுனதால அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022-ல 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டுன காருக்கு 2025-ல 10,000 ஆக்கிட்டாங்க. விண்டேஜ், அதாவது பழங்கால வண்டிக் கணக்குல சேர 50 வருஷம் ஆகணும், அதனால அந்த வழி உங்களுக்கு இல்ல.

குண்டாறு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, தட்டிப் பாத்துட்டேன். டிரைவர் பக்கம் தரையில கை போற அளவு ஓட்டை. இடது பக்கக் கதவுக்கு அடியில பெட்டி பாதி இல்ல. பின் சக்கர வளைவு ரெண்டும் பட்டிதான். இங்க பக்கத்துல கேஸ் வெல்டிங் பட்டறை இருக்கு, அது போதுமா? பெட்ரோல் டாங்க்ல இருந்து புளிச்ச வாடை வேற வருது.

புளியரை_பழையவண்டி:
கேஸ் வெல்டிங் வேண்டாம். அந்தச் சூட்டுல மெல்லிசு தகரம் நெளிஞ்சிரும், நெளிஞ்சதை மறைக்க மறுபடி பட்டிதான் போடணும். கம்பி தானா வந்து உருகி ஒட்டுற சிஓடூ வெல்டிங் இருக்கிற ஆளைப் பிடிங்க. தகரத்தோட கனம் தரைக்கு 18 கேஜ், வளைவுக்கு 20 கேஜ். தொடர்ச்சியா இழுக்காம, பொட்டுப் பொட்டா வச்சு ஆற விட்டு ஆற விட்டு அடிக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி பெட்ரோல் டாங்கையும் பேட்டரியையும் கழட்டி ஷெட்டுக்கு வெளிய கொண்டுபோய் வைக்கணும். இதுல அசட்டையே கூடாது.

கதவுக்கு அடிப் பெட்டியை வெட்டுறது சும்மா வேலை இல்ல. வெட்டுன நிமிஷத்துல வண்டி நடுவுல தொங்க ஆரம்பிச்சிரும். கதவைக் கழட்டிட்டு, அந்தத் திறப்புக்குள்ள இரும்புக் குழாயைக் குறுக்கால வெல்டிங் பண்ணி இறுக்கிட்டுத்தான் வெட்டணும். வண்டி தன்னோட சக்கரத்துல நிக்கிற மாதிரியே எடை தாங்கி நிக்கணும், நடு வயித்துல ஜாக்கி கொடுக்கக் கூடாது. புதுப் பெட்டியைப் பொட்டு வச்சதும் கதவை மாட்டிப் பாருங்க. இடைவெளி மேலயும் கீழயும் ஒண்ணா இருந்தாத்தான் முழுசா வெல்டிங். ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் மறுபக்கம் தொடணும்.

ஆடிக்குள்ள பெயின்ட்ங்கிற ஆசையை விட்டுருங்க தம்பி. செங்கோட்டையும் புளியரையும் கணவாய் வாசல்ல இருக்கு. ஆனி, ஆடியில சாரல் காத்தோடயே ஈரம் வரும், அப்ப அடிச்ச பெயின்ட் வெளுத்துப் பூத்துரும். சுரண்டிவிட்ட வெறும் தகரம் ஒரு ராத்திரியிலேயே செம்மஞ்சளா நிறம் மாறிரும். அதனால முழு வண்டியையும் ஒரே நேரத்துல சுரண்டாதீங்க. வெயில் விழுற நாள் பாத்து ஒரு பாகத்தை மட்டும் சுரண்டுங்க, தகரம் சூடா இருக்கும்போதே எப்பாக்ஸி பிரைமர் அடிச்சு மூடுங்க. சாதா பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதை நம்பி மழைக்காலத்தைத் தாண்ட முடியாது. கலர் அடிக்கிறது மாசி, பங்குனியில. சாரல் நாள்ல எஞ்சின், பிரேக், வயரிங்னு ஷெட்டுக்குள்ள செய்ய வேலை கிடக்கு.

புளிச்ச வாடை பழைய பெட்ரோல்தான். வடிச்சிட்டு டாங்கை அலசி, உள்ள துரு இருந்தா சுத்தம் பண்ணி நல்லா காய விடுங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் ஊற வச்சு விரிச்சிரும். அதனால டாங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எல்லா ஹோஸும் எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க. கார்புரேட்டர் வாஷரும் அதோட சேத்து.

இசுசு சாமான் அம்பாசடர் சாமான் மாதிரி சுலபமா ஆப்படாது. சென்னை புதுப்பேட்டைக்குப் போறப்ப பழைய சாமானைக் கையோட எடுத்துட்டுப் போயி ஒப்பிட்டு வாங்குங்க. குறுக்கால கொடுக்கிற குழாய்ச் சட்டம் என்கிட்ட கான்டெசா அளவுக்கே இருக்கு. பெட்டியை வெட்டுறதுக்கு முந்துன வாரம் சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்.