கிகாபிட் நெட்வொர்க் வேகத்தை ஐடிஇ டிஸ்க் வேகத்தோடு ஒப்பிட 8-ஆல் வகுப்பதா, 10-ஆல் வகுப்பதா? (தீர்ந்தது)

கேள்வி

வணக்கம். அப்பா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்துப் படங்கள் எல்லாம் நான்கு பழைய 80 ஜிபி ஐடிஇ (அகலமான பட்டை கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஒரு பென்டியம் 4 பெட்டியில் லினக்ஸ் போட்டு, பிசிஐ ஸ்லாட்டில் கிகாபிட் கார்டு செருகி, டிஸ்க்கை ஒவ்வொன்றாக மாட்டி நெட்வொர்க் வழியாகப் புது கம்ப்யூட்டருக்கு எடுக்கிறேன். நொடிக்கு 26, 27 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. மெகாபிட்டை மெகாபைட்டாக்க கடைக்காரர் "10-ஆல் வகுத்துக்கோ" என்றார், அப்படிப் பார்த்தால் 1000 மெகாபிட் என்பது 100 மெகாபைட், டிஸ்க் மேல் ஏடிஏ-100 (ஐடிஇ இணைப்பின் வேகம்) என்றே போட்டிருக்கிறது, இரண்டும் சரிக்குச் சரி. பிறகு எங்கே போகிறது வேகம்? நெட்வொர்க் கேபிளை கேட் 6 ஆக மாற்றினேன், ஸ்விட்சையும் மாற்றினேன், பயன் இல்லை.

பதில் 1

10-ஆல் வகுப்பது சாட்டாவுக்கு (ஐடிஇ-க்குப் பின் வந்த டிஸ்க் இணைப்பு) உள்ள கணக்கு. சாட்டா முதல் தலைமுறையில் 1.5 கிகாபிட் என்பது கம்பியில் ஓடும் மொத்த பிட். அதில் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவார்கள், அதனால்தான் 150 மெகாபைட். ஈதர்நெட்டில் 1000 மெகாபிட் என்பது அந்தக் குறியாக்கச் செலவு போக நிற்கும் அளவு. அதை 8-ஆல் வகுக்க வேண்டும், 125 வரும். அதிலும் முழுசாகக் கைக்கு வராது: கம்பியில் 1538 பைட் ஓடினால் அதில் 1460 பைட்தான் உங்கள் ஃபைல், மீதி எல்லாம் தலைப்பும் இடைவெளியும். ஆக 118 சுமார். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024 கணக்கில் காட்டுவதால் 113-ஐத் தாண்டிப் பார்க்க முடியாது.

ஏடிஏ-33, 66, 100, 133 எல்லாம் ஏற்கனவே மெகாபைட்டில் சொன்னவை, எதாலும் வகுக்க வேண்டாம். அப்படி ஒப்பிட்டால் கிகாபிட் நெட்வொர்க் ஏடிஏ-100-க்கும் 133-க்கும் நடுவில் உட்காரும். பழைய 100 மெகாபிட் நெட்வொர்க் 12-ஐக்கூடத் தொடாது. உங்கள் பிசிஐ ஸ்லாட்டும் 133-தான், அதையும் மற்ற கார்டுகளோடு பகிர வேண்டும்.

பதில் 2

கணக்கு சரி, ஆனால் தம்பி, முதலில் நெட்வொர்க்கை ஓரமாக வையுங்கள். அந்தப் பெட்டியிலேயே எச்டிபார்ம் (டிஸ்க் வேகத்தை அளக்கும் லினக்ஸ் கட்டளை) ஓட்டி டிஸ்க்கின் வாசிப்பு வேகத்தை மட்டும் எடுங்கள். 27 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு ஏடிஏ-33 ஞாபகம்தான் வருகிறது. கெர்னல் லாக்கில் (லினக்ஸ் எழுதி வைக்கும் குறிப்புகள்) யூடிஎம்ஏ, அதாவது ஐடிஇ டிஸ்க்கின் வேக முறை, என்று தேடி, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

அண்ணா, நெட்வொர்க்கே இல்லாமலும் 28-தான்! லாக்கில் 40 கம்பி கேபிள் காரணமாக யூடிஎம்ஏ 33-க்குக் குறைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. உள்ளே இருப்பது பழைய சிடி டிரைவில் இருந்து கழற்றி மாட்டிய பட்டை கேபிள்.

பதில் 2

அதுதான். 40 கம்பி, 80 கம்பி இரண்டு கேபிளிலும் முனையில் 40 துளைதான் இருக்கும், அதனால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பட்டையை விரலால் தடவிப் பாருங்கள், 80 கம்பி கேபிளில் கோடுகள் மிக நெருக்கமாக, மெல்லியதாக இருக்கும். கூடுதல் 40-ம் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் இடையில் ஓடும் எர்த் கம்பிகள். அவை இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பியின் சிக்னல் கலந்துவிடும், அதனால் 33-க்கு மேல் போர்டே அனுமதிக்காது. மாட்டும்போது நீல முனை போர்டில், கறுப்பு முனை மாஸ்டர் டிஸ்க்கில், நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவில் (அதே கேபிளில் மாட்டும் இரண்டாவது டிஸ்க்).

பதில் 3

இவ்வளவு பாடு எதற்கு? ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் கிடைக்கிறதே.

பதில் 1

அடாப்டர் யூஎஸ்பி 2.0 ஆக இருந்தால் அதே இடத்துக்குத்தான் வருவார். 480 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 60, கைக்கு வருவது 30, 35. யூஎஸ்பி 3 அடாப்டர் என்றால் சரி. ஆனாலும் அந்தக் காலத்து டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டே 50, 60-க்கு மேல் தராது. ஏடிஏ-100 என்பது வாசலின் அகலம் மட்டும்தான், உள்ளே இருந்து வருவது அவ்வளவு இல்லை.

கேட்டவர்

80 கம்பி கேபிள் கிடைத்தது. இப்போது 54-ல் தொடங்கி, கடைசியில் 31-க்கு இறங்குகிறது. முன்பு ஒரு டிஸ்க்குக்கு 50 நிமிடம் ஆனது, இப்போது அரை மணிதான். கடைசியில் குறைவது ஏன்? அப்புறம் நான்காவது டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, அதில் அக்கா கல்யாணப் படங்கள் இருக்கின்றன.

பதில் 2

குறைவது இயல்பு. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். பயம் வேண்டாம்.

நான்காவதை இப்போதே கழற்றி வையுங்கள், சும்மா ஓடவிடாதீர்கள். அதற்கு வேகம் முக்கியமே இல்லை. ஃபோல்டரைத் திறந்து காப்பி செய்யாமல், டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜாக (முழு நகலான ஒரே ஃபைல்) எடுங்கள், அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, படிக்க முடியாத இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். படங்களை அந்த இமேஜில் இருந்து தேடிக்கொள்ளலாம். அந்த டிஸ்க் திறக்கவே இல்லை என்றால் வேறெதுவும் முயலாமல் டேட்டா மீட்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேட்டவர்

கழற்றிவிட்டேன் அண்ணா. மூன்றாவது இப்போது ஓடுகிறது, 47-ல் போகிறது. அது முடிந்ததும் இமேஜ் வேலையைத் தொடங்குகிறேன்.