பாம்பன் பாலத்தின் மாதிரி: போட்டிக்கு எப்படிக் கொண்டுபோவது?

பனைமட்டை:
ஊர்ப் பொருட்காட்சியில் கைவினை மாதிரிகளுக்கான போட்டி அடுத்த மாதம். பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை 1:100 அளவில் பால்சா மரத்தில் செய்திருக்கிறேன். 1914இல் திறக்கப்பட்டபோது மீட்டர் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக 10 மில்லிமீட்டர் விட்டேன். நூலை இழுத்தால் இரண்டு இறக்கைகளும் கீலில் எழும். போன முறை ஆட்டோவிலேயே ஒன்று முறிந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த முறை அக்ரிலிக் பெட்டி போடலாமா?

உளிச்சத்தம்:
போடுங்கள் தம்பி. ஆனால் உடனே ஒட்டும் பசையின் ஆவி முழுவதும் அடங்கும்வரை மூடாதீர்கள். என் பாய்மரக் கப்பலை அவசரப்பட்டு மூடினேன். விடிந்து பார்த்தால் பெட்டியின் உட்புறம் விபூதி பூசியதுபோல் வெள்ளைப் படலம். இறக்கைகளைத் தனியே கழற்றி, பஞ்சில் பொதிந்து எடுத்துப் போங்கள்.

கடற்காகம்:
கீல் என்கிறீர்களே, அதைத் திருத்துங்கள். அது ஷெர்சர் வகைப் பாலம். இறக்கையின் வளைந்த அடிப்பகுதி, ஆடுநாற்காலியின் கால் போல, பின்னோக்கி உருண்டபடியே மேலெழும். விவரம் தெரிந்த நடுவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

பனைமட்டை:
மிக்க நன்றி அண்ணா. கீலை இன்றே பிடுங்கிவிட்டேன். வளைவை மூங்கிலில் சீவிக்கொண்டிருக்கிறேன். முதல் துண்டு சற்றுத் தட்டையாகிவிட்டது, இரண்டாவது உருள்கிறது.