ஜூன் 24: எங்க குடும்ப குரூப்ல காலங்காத்தால ஆரம்பிச்ச பஞ்சாயத்து

(குரூப் பேரு: வைகைக்கரை வாரிசுகள்)

கவின்: குட் மார்னிங் எல்லாருக்கும். காலேஜ் மியூசிக் கிளப்புல "இந்த நாளில்"னு தினம் ஒருத்தன் ஸ்டேட்டஸ் போடணும், இன்னைக்கு ஜூன் 24 என் டர்ன். 1944ல கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் பொறந்தாரு, 1947ல ஃப்ளீட்வுட் மேக் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் பொறந்தாரு, 1935ல டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல் கொலம்பியாவுல பிளேன் விபத்துல செத்துப்போனாரு. எப்படி இருக்கு

மேலூர் சித்தி: சூப்பர் தங்கம். சாப்ட்டியா

கவின்: சித்தி மணி ஏழு கூட ஆகல

திருநகர் பெரியப்பா: கவின் தம்பி எல்லாம் சரிதான்யா, நம்மாளு ஒருத்தர் பேரு கூட காணோமே. ஜூன் 24ன்னா யாருக்குப் பொறந்தநாள்னு தெரியாமயா மதுரையில வளந்த? கவியரசர் கண்ணதாசன், 1927, அந்தா இருக்கு சிறுகூடல்பட்டி, மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனா ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிரலாம், அவரை விட்டுப்புட்டு கொலம்பியா வரைக்கும் போயிருக்க

செல்லூர் மாமா: மச்சான் பாதியில நிறுத்திட்டீங்க. அதே ஜூன் 24, 1928, மெல்லிசை மன்னர் எம்எஸ்வி. பாலக்காடு பக்கம் எலப்புள்ளி. ரெண்டு பேருக்கும் ஒரே தேதி

கவின்: நெசமாவா மாமா? ஒரே தேதியா?? இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லல

திருநகர் பெரியப்பா: நீ காதுல அந்தப் பஞ்சு மாதிரி ஒன்னை வச்சிக்கிட்டு திரிஞ்சா யாரு சொல்லி உனக்கு கேக்கும்

காரைக்குடி அத்தை: *ஃபார்வேர்டு செய்யப்பட்டது* ஒரே நாளில் ஒரே வருடத்தில் பிறந்த தமிழின் இரட்டையர்கள்!!! கவிஞரும் மன்னரும்!!! உண்மைத் தமிழனாக இருந்தால் 10 பேருக்கு அனுப்பவும்

நான்: அத்தை, வருசம் ஒன்னு இல்ல. கவிஞர் ஒரு வயசு மூத்தவர். மாமா இப்பதான் மேல போட்டாரு பாருங்க

காரைக்குடி அத்தை: எனக்குத் தெரியாதாடி, நான் அவரு ஊருப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவ. எங்க ஏரியா குரூப்ல வந்துச்சு அப்படியே தட்டிவிட்டேன். ஆனா ஒன்னு, சிறுகூடல்பட்டியில பொறந்தாலும் காரைக்குடியிலதான் ஒரு ஆச்சி அவரை சுவீகாரம் எடுத்து வளத்தாங்க, அங்க அவரு பேரு நாராயணன். பெத்தவங்க வச்சது முத்தையா. கண்ணதாசன்ங்கிறது அவரா வச்சிக்கிட்டது. இங்க காரைக்குடியில மணிமண்டபம் இருக்கு, இன்னைக்கு மாலை போட வருவாங்க

கவின்: சரி ரெண்டு பேரையும் சேத்துடறேன். லெனன் மெக்கார்ட்னி மாதிரினு போடலாமா

திருநகர் பெரியப்பா: எதுக்கு மாதிரி? அவரு அவரு மாதிரி. எட்டாங் கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. 1949ல கன்னியின் காதலி படத்துல முதல் பாட்டு. அங்க இருந்து ஆரம்பிச்சு, ஒரு மனுசன் பொறந்ததுல இருந்து காடு போய்ச் சேர்ற வரைக்கும் எதெதுக்கு பாட்டு வேணுமோ அம்புட்டுக்கும் எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. தாலாட்டுக்கு ஒன்னு, காதலுக்கு நூறு, கடன்காரன் வாசல்ல நிக்கிறப்ப பாட ஒன்னு, தண்ணியைப் போட்டுட்டு அழுகுறதுக்கு ஒன்னு, சாவு வீட்டுக்கு ஒன்னு. எங்க காலத்துல ராத்திரி சிலோன் ரேடியோவைத் திருப்பி திருப்பி ஸ்டேஷன் புடிச்சு, கேஎஸ் ராஜா கொரலு வந்துச்சுன்னா தெருவே திண்ணையில வந்து உக்காரும், அப்ப கேட்ட பாட்டு இன்னைக்கும் வரி மாறாம எனக்கு வரும், நேத்து என்ன சாப்ட்டேன்னு கேளு தெரியாது

செல்லூர் மாமா: மச்சான் வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதுக்கு காரணமே மெட்டுதான். வெறும் வரியை எழுதிக் குடுத்திருந்தா பத்தாம் வகுப்பு மனப்பாடச் செய்யுள் மாதிரி பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்பீங்க

திருநகர் பெரியப்பா: ஆரம்பிச்சிட்டான்யா

மேலூர் சித்தி: அண்ணே காலையிலேயே லந்தா. அத்தானுக்கு பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க முதல்ல

செல்லூர் மாமா: இல்லமா இதைச் சொல்லியே ஆகணும். நான் இருபது வருசத்துக்கு மேல ட்ரூப்ல கீபோர்டு வாசிக்கிறேன். மேடையில யாராவது துண்டுச்சீட்டுல எம்எஸ்வி பாட்டு எழுதிக் குடுத்தா எங்களுக்கு ஒதறும். புதிய பறவையில அந்த எங்கே நிம்மதி பாட்டு, 1964, அதுல எத்தனை வயலின், எத்தனை டிரம்ஸ், கூட கோரஸ் வேற, எங்க ட்ரூப்புல ஒரு கீபோர்டு ஒரு பேடு ஒரு தபலா ஒரு புல்லாங்குழல் இதை வச்சிக்கிட்டு என்னத்த வாசிக்க? ஆனா கேக்குறவனுக்கு அது எதுவும் தெரியாது, டிஎம்எஸ் கொரலும் வரியும் மட்டும்தான் தெரியும். அதான் மெல்லிசை. பின்னாடி அம்புட்டு கூட்டத்தையும் வச்சிக்கிட்டு வரியை முன்னாடி நிறுத்துறது. வரிக்கு எம்புட்டு மரியாதை குடுத்திருந்தா அப்படிப் பண்ணுவாரு, அது யோசிங்க

கவின்: மாமா மெட்டு முதல்லயா வரி முதல்லயா

செல்லூர் மாமா: ரெண்டும் நடந்திருக்கு. பெரும்பாலும் எம்எஸ்வி ஆர்மோனியத்தை வச்சிக்கிட்டு தத்தகாரத்துல பாடுவாரு, தன்னானே லாலாலா அப்படி, கவிஞர் அதைக் கேட்டுட்டே சொல்லுவாரு, உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்குவாரு. பின்னாடி அன்னக்கிளி எடுத்தாரே அதே பஞ்சு அருணாசலம்தான், கவிஞரோட அண்ணன் மகன்

நான்: அப்ப நம்ம பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவை கொண்டு வந்ததும் அந்த வீட்டு ஆளுதானா

செல்லூர் மாமா: ஆமா. கவிஞர் சினிமாவுக்கு கடைசியா எழுதுனதும் ராஜா சாருக்குத்தான், மூன்றாம் பிறையில கண்ணே கலைமானே. படம் 1982ல வந்துச்சு, கவிஞர் 1981 அக்டோபர் 17லேயே சிகாகோவுல போயிட்டாரு

திருநகர் பெரியப்பா: 54 வயசு. அது ஒரு வயசா

காரைக்குடி அத்தை: எங்க மாமனார் அன்னைக்கு சோறு திங்கலைன்னு சொல்லுவாங்க

மேலூர் சித்தி: எல்லாரும் கேளுங்க, மோட்டார் ரிப்பேர் பாக்குற ஆள் நம்பர் யாருகிட்டயாவது இருக்கா? நேத்துல இருந்து டேங்க்ல தண்ணி ஏறல

நான்: சித்தி உங்களுக்கு தனியா அனுப்பிட்டேன்

மேலூர் சித்தி: தேங்ஸ்டா. எனக்கு பிடிச்ச பாட்டு சர்வர் சுந்தரத்துல அவளுக்கென்ன. அதுல எம்எஸ்வியே வருவாரே கையை ஆட்டிக்கிட்டு. கண்ணதாசன் எம்புட்டு அழகா எழுதிருப்பாரு

செல்லூர் மாமா: அது வாலிமா

மேலூர் சித்தி: ஐயோ எல்லா நல்ல பாட்டும் கண்ணதாசன்னுதான் நெனச்சிட்டு இருக்கேன்

திருநகர் பெரியப்பா: நெனச்சா தப்பில்ல. வாலியே சொல்லிருக்காரு, சினிமாவே வேணாம்னு ஊருக்குத் திரும்பிப் போகக் கிளம்புன நேரத்துல கவிஞரோட மயக்கமா கலக்கமா பாட்டைக் கேட்டுட்டுத்தான் மெட்ராஸ்லயே இருந்தேன்னு. சுமைதாங்கி, 1962. தனக்குப் போட்டியா வரப்போறவனை தானே பாட்டுப் பாடி நிறுத்தி வச்சிருக்காரு மனுசன்

செல்லூர் மாமா: அந்தப் பாட்டுக்கும் மியூசிக் விஸ்வநாதன் ராமமூர்த்தி 😄

திருநகர் பெரியப்பா: சரிடா மாப்ள சரி

செல்லூர் மாமா: மச்சான் கோவிச்சுக்காதீங்க, எனக்கு ஒரு ஆத்தாமை உண்டு, இன்னைக்கு கொட்டிடறேன். 1968ஆம் வருசப் படங்களுக்கான தேசிய விருது. பாடல் எழுதுனதுக்குன்னு அப்பதான் விருதே ஆரம்பிக்கிறாய்ங்க, முதல் ஆளா கண்ணதாசன் வாங்குறாரு, குழந்தைக்காக படத்துக்கு. மியூசிக் எம்எஸ்வி. பொம்பளைப் பாடகிக்கும் அந்த வருசம்தான் முதல் விருது, சுசீலாம்மா வாங்குறாங்க, உயர்ந்த மனிதன்ல பால் போலவே பாட்டுக்கு. மியூசிக் எம்எஸ்வி. இப்ப அந்த வருசம் சிறந்த இசையமைப்பாளர் விருது யாருக்குன்னு நெனைக்கிறீங்க? கல்யாண்ஜி ஆனந்த்ஜிக்கு, ஒரு இந்திப் படத்துக்கு. எழுதுனவருக்கு உண்டு, பாடுனவங்களுக்கு உண்டு, ரெண்டு பாட்டுக்கும் மெட்டுப் போட்டவருக்கு இல்ல

கவின்: என்ன மாமா சொல்றீங்க

செல்லூர் மாமா: இன்னும் இருக்கு. 1975 அபூர்வ ராகங்கள், ஏழு ஸ்வரங்களுக்குள் பாட்டு, எழுதுனது கவிஞர், வாணி ஜெயராம் அம்மாவுக்கு தேசிய விருது. எம்எஸ்விக்கு? கெடையாது. கடைசி வரைக்கும் ஒரு தேசிய விருது இல்ல, ஒரு பத்ம விருது இல்ல. 2012ல ஜெயலலிதா அம்மா கூப்புட்டு அவருக்கும் ராமமூர்த்தி சாருக்கும் திரை இசைச் சக்கரவர்த்தின்னு பட்டம் குடுத்து 60 பொற்காசும் காரும் குடுத்தாங்க, அது நம்ம வீட்டு மரியாதை. டெல்லிக்கு அவரு கண்ணுல படவே இல்ல

திருநகர் பெரியப்பா: இது எனக்கே புதுசு மாப்ள. விருது வாங்கலைன்னு தெரியும், ஒரே வருசத்துல ரெண்டு பக்கமும் குடுத்துட்டு நடுவுல இருக்கிறவரை தாண்டிப் போயிருக்காய்ங்கன்னு தெரியாது

நான்: இதுல இன்னொன்னு. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டு போட்டதும் எம்எஸ்விதான். 1970. வீட்டுல மலையாளம் பேசுறவரு மெட்டு, ரெக்கார்டுல பாடுனது டிஎம்எஸ்சும் சுசீலாம்மாவும், இவரு நம்ம மதுரை சௌராஷ்ட்ரா, அவங்க தெலுங்கு. நாமெல்லாம் ஸ்கூல்ல வெயில்ல நின்னு கேட்டது அதுதான்

காரைக்குடி அத்தை: டிஎம்எஸ் நம்மூர்க்காரருன்னு மறந்துறாதீங்கடா கவிஞர் எழுதுனதை பாதிக்கு மேல மக்கள் மனசுல ஏத்துனது அவரு தொண்டைதான்

திருநகர் பெரியப்பா: மறப்பமா. முனிச்சாலையில சிலையே வச்சாச்சு. அவருக்கும் 24ஆம் தேதிதான், மார்ச் 24. இந்த 24ல என்னமோ இருக்கு

கவின்: பெரியப்பா இது கொஞ்சம் ஓவர். ஜெஃப் பெக்கும் 24தான்

திருநகர் பெரியப்பா: அவரும் நல்லா வாசிச்சிருப்பாரு போல, இருக்கட்டும் ஸ்டேட்டஸ்ல

நான்: பொறந்தநாள் கூட பரவால்ல, 2013தான் கொடுமை. ஏப்ரல் 14 பிபி ஸ்ரீனிவாஸ், மூனே நாள்ல ஏப்ரல் 17 டிகே ராமமூர்த்தி, மே 25 டிஎம்எஸ், ஜூலை 18 வாலி. கவிஞர் 81லேயே போயிட்டாரு. அந்தக் கூட்டம் மொத்தமும் கலைஞ்சதுக்கு அப்புறம் எம்எஸ்வி மட்டும் இருந்தாரு 2015 வரைக்கும், ஜூலை 14. 87 முடிஞ்சு இருபதே நாள்

செல்லூர் மாமா: அதை யோசிச்சா ஒரு மாதிரி இருக்கும். 81க்கு அப்புறம் முப்பத்தி நாலு பொறந்தநாள் வந்திருக்கு அவருக்கு, ஒவ்வொன்னும் கவிஞரோட பொறந்தநாளும்தான், வாழ்த்து சொல்ல வர்றவன் பூராம் கவிஞரைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசாம போகமாட்டான். தனக்குன்னு ஒரு தேதி இல்லாமயே அம்புட்டு வருசம்

திருநகர் பெரியப்பா: ராஜா தேதியையே விட்டுக் குடுத்தாரே தெரியுமா. அவரு பொறந்தது ஜூன் 3, அது கலைஞர் பொறந்தநாளு, இசைஞானின்னு பட்டம் குடுத்தவரு நாள்ல நான் கொண்டாடக் கூடாதுன்னு ஜூன் 2ன்னு மாத்திக்கிட்டாரு. எம்எஸ்வி மாத்திக்கல

செல்லூர் மாமா: எதுக்கு மாத்தணும் மச்சான், பங்காளிக்குள்ள என்ன கணக்கு

மேலூர் சித்தி: அண்ணே இன்னைக்கு உங்களுக்கு வாடிப்பட்டியில ரிசப்ஷன் கச்சேரி இல்ல? இதையெல்லாம் மேடையில சொல்லுங்க

செல்லூர் மாமா: நல்லா சொன்ன போ. பொண்ணு வீட்டுல இருந்து லிஸ்ட் அனுப்பிருக்காய்ங்க, பதினெட்டு பாட்டு, பூராம் போன வருசமும் இந்த வருசமும் வந்தது. நடுவுல டிஜே வேற. முதல் பாட்டு மட்டும் எங்க விருப்பம்னு பேசி வச்சிருக்கேன்

திருநகர் பெரியப்பா: அந்த ஒன்னு கவிஞர் பாட்டா இருக்கணும். இன்னைக்கு வாலியைப் போட்ட மேடையேறி வந்துருவேன்

செல்லூர் மாமா: மச்சான் கல்யாண வீடு. உங்க கவிஞர் பாட்டுல எனக்கு கை பழகுனது முக்காவாசி தத்துவம். மாப்ள பொண்ணு நிக்கிறப்ப வீடு வரை உறவுன்னு ஆரம்பிக்கவா

காரைக்குடி அத்தை: 😂😂😂 அடிச்சுத் தொரத்துவாங்க

கவின்: மாமா பாவ மன்னிப்புல காலங்களில் அவள் வசந்தம்? நான் இப்பதான் யூடியூப்ல தேடிக் கேட்டேன். இது கவிஞர் எம்எஸ்வி ராமமூர்த்தி எல்லாரும் வந்துர்றாங்கல்ல. நாலு தடவை ஓடிருச்சு

திருநகர் பெரியப்பா: பிபி ஸ்ரீனிவாஸ். 1961. பய பொழச்சிக்குவான்

செல்லூர் மாமா: அதுக்கு புல்லாங்குழல் பையன் வரணுமே, ரெண்டு நாளா காய்ச்சல்னான். கீபோர்டுல ஓட்டிரலாமா பாக்குறேன். கவின் நீ சாயங்காலம் ஃப்ரீயா? நடுவுல நிக்க ஒரு ஆள் வேணும், கேபிள் சுத்த

கவின்: வர்றேன் மாமா. ஸ்டேட்டஸ் மாத்திட்டேன், கண்ணதாசன் எம்எஸ்வி மேல, மத்த மூனு பேரும் கீழ. கிளப்புல ஒருத்தன் அதுக்குள்ள கேக்குறான், எம்எஸ்விக்கு தேசிய விருது எத்தனைன்னு

திருநகர் பெரியப்பா: மாப்ள மேல போட்டதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புடா அவனுக்கு. வாடிப்பட்டிக்கு நானும் வர்றேன், பத்திரிக்கை இல்லைன்னாலும் பரவால்ல, ட்ரூப்பு ஆளுன்னு சொல்லிக்கிறேன்

மேலூர் சித்தி: மோட்டார் ஆளு போன் எடுக்க மாட்டேங்குறான்